பாதிப் பேர் நின்றும் பாதி ஏன் ஜெயிக்கவில்லை?

வட ஆப்பிரிக்காவில் துனிசியா என்று ஒரு சின்ன நாடு. 2011 ஜனவரியில் மக்கள் போராடி சர்வாதிகாரியை விரட்டினார்கள். அக்டோபரிலேயே அரசியல் சட்டம் எழுதும் சபைக்குத் தேர்தல். வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண் என்று மாறி மாறித்தான் பெயர் வரணும், இது சட்டம். அப்போ சபையில் பாதி பெண்கள்தானே? இல்லை, ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்!

எப்படின்னு நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். அங்கே ஓட்டு ஆளுக்கு இல்லை, பட்டியலுக்கு. எத்தனை இடம் கிடைக்குதோ, மேலிருந்து அத்தனை பேர் உள்ளே போவாங்க. பல பட்டியலுக்குக் கிடைச்சது ஒரே இடம். அது முதல் பெயருக்குப் போயிடும். நூறு பட்டியலில் ஏழில்தான் முதல் பெயர் பெண். இரண்டாவதா நின்ற அக்கா வீட்டுக்குத்தான். சட்டத்தை யாரும் மீறலை, பாருங்க. கெட்டிக்காரங்க!

2018 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னாடி, கட்சிப் பட்டியல்களில் பாதிக்குப் பெண்தான் முதல் பெயர் என்று சட்டத்தைத் திருத்தினாங்க. ஜெயித்தவர்களில் 47 சதவீதம் பெண்கள்! தலைநகர் துனிஸுக்கு முதல் பெண் மேயராக சுவாத் அப்துர்ரஹீம் வந்தார்.

2022-இல் அதிபர் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பட்டியல் முறையையே எடுத்துட்டார். பாதிக்குப் பாதி விதியும் அதோடு போச்சு. அடுத்து அமைந்த நாடாளுமன்றத்தில் பெண்கள் ஆறில் ஒரு பங்குதான்.