ஊருணிப் பாசியும் கடல்நீர்த் தொட்டியும்

பரளச்சியில் பிறந்த எவருக்கும் பாசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீர்நிலைதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று நம் முன்னோர் கட்டுப்பாடு வைத்தனர். கண்மாய்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. கோடை நெருங்கியதும் கண்மாய் நீர் பச்சைக் குழம்பாகிவிடும். ஊருணி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. சாணமும் சவர்க்காரமும் பாசிக்கு உரம் என்பதை இரசாயன நூல் எதுவும் படியாமலே அவர்கள் கண்டிருந்தனர். மாணவர்களே, வீட்டுக் கூடத்தில் வைக்கும் கடல்நீர் மீன்தொட்டிக்கும் அதே கணக்குத்தான்.

தென்கிழக்கே சாயல்குடியைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. எனினும் தொட்டி வைப்பதற்குக் கடலைச் சுமந்து வரவேண்டியதில்லை. கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தால் போதும். சமையல் உப்பு இதற்கு உதவாது; கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை.

தொல்லை அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. நம் வெயிலில் தொட்டி நீர் நாள்தோறும் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவை உப்பில்லாத நீரால் ஈடு செய்யவேண்டும். நான் முதலில் தொட்டி வைத்தபோது ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடம் குடமாக ஊற்றிவந்தேன். மூன்று மாதங்களில் பாறைகள் எல்லாம் பச்சைத் தாடி வளர்த்துக்கொண்டன! பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. கிணற்று நீரில் கரைந்திருந்த நைட்ரேட்டு ஒவ்வொரு குடத்தோடும் உள்ளே வந்து, வெளியேற வழியின்றிப் பெருகியிருந்தது. தூய்மையாகப் பிடித்த மழைநீரையோ, சவ்வூடு வடிகட்டிய நீரையோ ஊற்றியிருந்தால் அவ்வளவு பாடு இல்லை.

தொட்டியில் தோன்றும் பாசியின் நிறமும் உருவமும் ஒரு செய்தியைச் சொல்லும். புதுத் தொட்டியின் கண்ணாடியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்னும் நுண்ணுயிர். மணற்சத்தாகிய சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்வது. நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கும், பதற்றம் வேண்டாம். பாறையில் மயிர்க்கற்றைபோல் நீண்டு அசையும் பச்சைப் பாசியோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சிவிட்டதைக் காட்டும். அதைக் கையால் பறித்து வெளியே எறிய வேண்டும். பறித்ததைத் தொட்டிக்குள்ளேயே அழுக விட்டால் உண்ட உரத்தைத் திரும்ப நீரிலேயே கொட்டிவிடும். செந்நிற ஏடுபோல் வழவழப்பாக மணலை மூடி, இடையிடையே குமிழிகள் தாங்கி நிற்பது பாசியே அன்று. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா இனம். நீரோட்டம் மந்தமான மூலைகளில் அது குடியேறுவது வழக்கம். உறிஞ்சு குழாயால் எடுத்துவிட்டு, நீரோட்டத்தை அந்தப் பக்கம் திருப்பவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நன்னீர்க் குளங்களில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடுவது உண்டு. கடல்நீர்த் தொட்டியில் அதை இட்டால் நத்தையும் இறாலும் கடற்சாமந்தியும் மடியும், ஏனெனில் செம்பு அவற்றுக்கு நஞ்சு. அன்றியும், எல்லாப் பாசியையும் ஒழிக்க நினைப்பதே பிழை. பவளத்தின் உடலுக்குள்ளும், பல கடற்சாமந்திகளின் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் சமைத்த உணவைத் தம்மைத் தாங்கும் உயிருக்கு ஊட்டுகின்றன. கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது பவளம் அந்த விருந்தாளிகளை இழந்து வெளுக்கிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு நேர்ந்தது அதுவே.

கடலில் பாசியை அடக்கி வைப்பவை அதை மேயும் உயிர்கள். கரீபியன் கடலில் 1983இல் ஒரு நோய் பரவி, நீண்ட முட்களையுடைய ஒருவகைக் கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக மாண்டன. பாசி தின்னும் மீன்களை மக்கள் முன்னரே பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காத் தீவில், மேய ஆளின்றிப் பவளத்திட்டுகளைக் கடற்பாசி மூடிற்று. தொட்டியிலும் சில நத்தைகள் இருந்தால் நம் கைவேலை பாதியாகும். மண்டபம் கரையோரப் பெண்கள் சேகரிக்கும் கஞ்சிப்பாசி போன்ற ஒன்றைத் தொட்டியின் பின்னறையில் விளக்கொளியில் வளர்த்து, அவ்வப்போது அறுத்தெடுப்பது இன்னொரு வழி. வேண்டாத இடத்தில் வளரும் பாசிக்குரிய உரத்தை வேண்டிய இடத்துப் பாசி உண்டுவிடும். இவற்றோடு, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே இரை, நாளுக்கு எட்டு மணி நேர விளக்கு, சன்னல் வெயில் படாத இடம், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர்மாற்றம் ஆகியவையும் வேண்டும். அலுப்பூட்டும் பட்டியல்தான்! இதற்குக் குறுக்கு வழியாக விற்கப்படும் மருந்துகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொட்டியில் மிகுந்த பாசியைக் கடலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். தொழிலுக்காக அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். அங்கிருந்து பவளத்தையோ பவளக் கல்லையோ தொட்டிக்காக எடுத்துவருவதும் குற்றம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சுட்ட மண்ணால் செய்த கற்களும், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களும் நம் தொட்டிக்குப் போதும்.

சில மாதங்கள் கழித்து அக்கற்களின் மேல் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, சுண்ணாம்பு பூசியதுபோல் கெட்டியான படலம் ஒன்று படரக்கூடும். அதுவும் பாசியே. கடலில் பவளத்திட்டுகளின் கற்களை ஒட்டிப் பிணைப்பது அந்த இனந்தான். அதைச் சுரண்டாதீர்கள்.