கட்டியவர்கள் பெயர் என்ன?

பேராக், பத்து காஜாவில் கெல்லி மாளிகை இன்றுவரை முழுமை பெறாமலே நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், தமது பழைய வீட்டை விரிவுபடுத்தும் வேலையை 1915இல் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரமும் அதில் மின்தூக்கியும் அமைப்பது அவர் திட்டம். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுமானத் தொழிலாளர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள்.

வேலை நடந்தபோது பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது. எஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டுமெனக் கேட்டனர். மாளிகைக்கு அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது.

1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மனைவி ஆக்னஸ் தோட்டத்தை ஹரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றார். மாளிகை அரைகுறையாகவே நின்றது. கோயிலில் வழிபாடு தொடர்ந்தது.

மாணவர்களே, முதலாளியின் பெயர் மாளிகைக்கே நிலைத்துவிட்டது. அதைக் கட்டிய தொழிலாளர்களில் ஒருவரின் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா?

ஜொகூரின் லாயாங் லாயாங் போன்ற வட்டாரங்களிலும் தோட்டங்கள் கைமாறலாம். பழைய லயங்களும் துரை பங்களாக்களும் இடிபடலாம். அங்கே உழைத்த தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். யார் கட்டியது, எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த வரலாற்று இடுபணிக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?