செடிப்பாலாலும் சுணையாலும் உண்டாகும் தோல் எரிச்சலுக்கு வீட்டுச் சிகிச்சை

வயல் வேலையில் நேரும் உபாதைகளில், செடிகளால் உண்டாகும் அரிப்பையும் கொப்புளத்தையும் குடியானவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் கூலியை நம்பியிருக்கும் ஒருவர் கை வீங்கி இரண்டு வாரம் வீட்டில் இருக்க நேரிட்டால், அறுவடைக் காலத்து வருமானத்தில் பெரும் பகுதி போய்விடும். இக்கேட்டை விளைவிக்கும் செடிகள் யாவும் ஒரே விதமாய் வேலை செய்யாமையால் சிகிச்சையும் ஒன்றாயிராது.

இவற்றுள் முந்திரி பிரதானமானது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களில் கொட்டை பொறுக்குவோரும் உடைப்போரும் இதை நன்கறிவர். கொட்டையின் ஓட்டில் தேனடை போன்ற சிறு அறைகளில் காரமான எண்ணெய் உளது. அது பட்ட இடத்தைக் கருகச் செய்வதன்றி, சிலருக்கு ஓரிரு நாள் சென்றபின் தடிப்பையும் நீர்க்கொப்புளத்தையும் உண்டாக்கும். வண்ணார் துணியில் குறியிடப் பயன்படுத்திவந்த சேங்கொட்டையும் இதே குடும்பத்தது, மாமரமும் அவ்வாறே. மாங்காய்க் காம்பின் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும் இவ்வினத்தின் குணமேயாகும்.

எண்ணெய் பட்டால், மாலையில் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், அப்பொழுதே சவுக்காரமிட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். சில நிமிஷங்களுக்குள் கழுவினால் பெரும்பாலும் தப்பலாம். தாமதித்தால் விஷம் தோலில் ஊறிவிடும். நக இடுக்கு, கத்திப்பிடி, உடுத்திய துணி ஆகியவற்றையும் கழுவுதல் அவசியம். உடைக்குமுன் கையில் ஆமணக்கெண்ணெய் பூசிச் சாம்பல் தடவிக்கொள்ளும் வழக்கம் நல்லதே; ரப்பர் கையுறை அதனினும் மேல். வேலை முடிந்ததும் அப்பூச்சைச் சவுக்காரத்தால் போக்கிவிட வேண்டும், ஏனெனில் கொட்டை எண்ணெயும் அதில் கலந்திருக்கும். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் நெருப்பிலிட்டுச் சுடுவதை அனுமதிக்கலாகாது. எண்ணெய் முகத்தில் தெறிக்கும். புகையும் கண்ணைக் கெடுக்கும்.

கொப்புளத்து நீர் பட்டால் புண் பரவும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. முன்னரே எண்ணெய் பட்ட இடங்களில் சற்றுத் தாமதித்து எழும் தடிப்பே பரவுவது போல் தோன்றுகிறது. எனினும் கொப்புளத்தை உடைத்தால் சீழ் பிடிக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கால் மணி நேரம் வீதம் தினம் மூன்று நான்கு முறை போட்டு, பின்பு கலமைன் லோஷன் தடவலாம். மண்ணெண்ணெய், சாணம், சுண்ணாம்பு இவை வேண்டா. சுண்ணாம்பு புண்ணாற்றும் என்று சொல்வோர், வெற்றிலையில் அது மிகுந்த நாளில் தம் நாக்கு வெந்ததை மறந்தார் போலும்!

செந்தட்டியிலும் பூனைக்காலிக் காயிலும் கேடு சுணையில் இருக்கிறது. இங்கே முதலில் தேய்த்துக் கழுவுதல் தவறு. சுணை இன்னும் ஆழத் தைக்கும். ஒட்டும் பிளாஸ்திரியையோ பிசைந்த மாவையோ ஒற்றி எடுத்தபின் கழுவுக. எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும்.

பார்த்தீனியம் வேறு வகை. 1950-களில் புனாவுக்கருகே காணப்பட்ட இக்களை இன்று எங்கும் பரவியுள்ளது. பல ஆண்டு ஒரு கெடுதலுமின்றிக் களைபறித்தவருக்கும் திடீரென இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடித்து அரிக்கும். அதன்பின் அருகில் சென்றாலே மீண்டும் வரும். அவர்கள் அவ்வேலையை விட்டுத் தோல் டாக்டரைப் பார்ப்பதே தக்கது. மற்றவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, செடி பூக்குமுன், மண் ஈரமாயுள்ளபோது வேரோடு பிடுங்குக.

திருகுகள்ளி வேலி வெட்டும்போது கண்ணில் பால் தெறித்தால் வீட்டுச் சிகிச்சை கழுவுவதோடு நிற்க வேண்டும். சுத்தமான நீரால் இருபது நிமிஷம் இடைவிடாது கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடலாகாது. முதலில் சிறு எரிச்சலாய் இருந்து, சில மணி சென்றபின் வலி மிகுந்து பார்வை மங்குவதுண்டு. எருக்கம்பாலுக்கும் இதுவே முறை.

முகம் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் தாமதியாது டாக்டரிடம் காட்டுக. போகும்போது அச்செடியின் கிளை ஒன்றைக் கையில் படாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லவும்.