மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு

கறவை மாடு இரண்டு வேளை தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். தக்காளிச் செடியில் இலை சுருண்டால் அன்றைக்கே பறித்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டுகிறோம். வீட்டில் ஒருவர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், வயல் பக்கமே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மட்டும், "ஏதோ யோசனை, தானாகத் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து விவசாயிகள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

கவலைக்குக் குறைவில்லாத பகுதி இது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி ஒரு வாரம் நல்ல விலைக்குப் போகும். மறு மாதம் பறிகூலிக்கும் கட்டாது. மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் சொல்வதுதான் விலை. பிள்ளைகள் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போய்விட, தகப்பனார் தனியாக நிலத்தோடு மல்லுக்கட்டுகிறார். இதனால் வரும் கவலை எல்லாம் நோயல்ல. விலை கிடைத்தால், நல்ல மழை பெய்தால் கவலை விலகும். மனச்சோர்வு நோய் அப்படி விலகாது. நல்ல செய்தி வந்தாலும் மனம் எழும்பாது.

எப்படிக் கண்டுகொள்வது? இரண்டு வாரங்களுக்கு மேல், நாளின் பெரும் பகுதி மனம் வாடியே இருக்கும். அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இருக்காது. இதோடு விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, பசியின்மை, ஓயாத அசதி, சின்ன விஷயத்திலும் முடிவெடுக்க முடியாமை, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வரும். நம் ஊர்க்காரர்கள் மனம் சரியில்லை என்று சொல்வது அரிது. தலைவலி, நெஞ்சில் பாரம், வயிற்று எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் மனச்சோர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே போல் அசதியைத் தரும் என்பதால் அவற்றையும் சோதிப்பது நல்லது. பெண்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்திற்குப் பின், இந்த நோய் வருவது உண்டு. தூக்கத்திற்காகக் குடிப்பவர்களுக்கு நோய் முற்றுமே தவிரத் தணியாது.

"கடனை டாக்டரா அடைப்பார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருந்து கடனை அடைக்காது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் போய்த் தவணை கேட்பதற்கும், அடுத்த போகத்திற்கு என்ன விதைப்பது என்று யோசிப்பதற்கும் தெளிந்த மனம் வேண்டுமே! நோய் முதலில் பறிப்பது அதைத்தான்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருவார் என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை மருந்துகளுக்குப் பணம் இல்லை.

நம் பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், அதாவது நிம்ஹான்ஸ், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. 1974-ல் இப்பெயர் பெற்ற இந்த நிறுவனம் நாட்டின் தலைசிறந்த மனநல மருத்துவமனைகளில் ஒன்று. பூ மூட்டையோடு நாம் தினமும் போகும் அதே சாலைதான். காலையிலேயே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போவது நல்லது. நோயாளியை நன்கு அறிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அவசர சிகிச்சை இரவிலும் உண்டு.

மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரை அல்ல. யூரியா போட்டதும் பயிர் பச்சை பிடிப்பது போல் உடனே பலன் தெரியாது; இரண்டு முதல் நாலு வாரமாகும். முதல் வாரத்தில் குமட்டலோ தலைச்சுற்றலோ இருக்கலாம். "ஒன்றும் கேட்கவில்லை" என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான். லேசான நோய்க்கு மாத்திரை இல்லாமல் பேச்சு முறைச் சிகிச்சையே போதுமானதாகலாம். கோயிலுக்குப் போவதையும் நேர்ந்துகொள்வதையும் நிறுத்த வேண்டியதில்லை. மருந்தும் கூடவே நடக்கட்டும்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அலட்சியம் கூடாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடக்கூடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே கூடாது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் சென்னை ஸ்நேகா அமைப்பினர், வங்கி லாக்கர் போலப் பூட்டுப் பெட்டிகள் கொண்ட பொதுக் கிடங்கு அமைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே வைத்தெடுக்கும்படி செய்தார்கள். அந்த ஊர்களில் மருந்தால் போகும் உயிர்கள் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியிட்டார்கள். நம் ஊர்களிலும் நாலைந்து பேர் சேர்ந்து இதைச் செய்யலாம். அதுவரை, சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேச வசதி உண்டு. யாரேனும் தவறான முடிவுக்கு முயன்றுவிட்டால், போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து தாமதிக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது. தண்டனை கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது. உடனே 108-ஐ அழையுங்கள்.