பழைய உழவு டிராக்டர்: வாங்குமுன் செய்யவேண்டிய பரிசோதனை

மைசூரு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் பழைய டிராக்டர் ஒன்று எந்த நிலத்தில் உழைத்தது என்பது தெரிந்தால், அது எந்தப் பாகத்தில் தேய்ந்திருக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்னதாகவே ஊகித்துவிடலாம். மாவட்டத்தின் மேற்கே ஹுன்சூர், பிரியாபட்டணா தாலுகாக்களில் புகையிலையும் கேழ்வரகும் விளையும் செம்மண் மேட்டு நிலங்கள் உள்ளன. கிழக்கே, காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தைச் சுற்றிக் கால்வாய்ப் பாசன நெல்வயல்கள் பரந்துள்ளன. மேட்டு நிலத்தின் புழுதி எஞ்சினைத் தேய்க்கிறது. வயலின் சேறு அச்சுகளைக் கெடுக்கிறது. மேலே பூசிய புது வர்ணம் இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது. கடன் பெற்று வாங்கும் சிறு விவசாயிக்கு எஞ்சினையோ பின் அச்சையோ பிரித்துச் சீர்செய்யும் செலவு முதலையே விழுங்கிவிடக்கூடும். ஆதலால், ஆலோசனைக்கு அழைக்கப்படும் களப் பணியாளர் வர்ணத்தை விட்டு எண்ணெயைப் பார்ப்பது நலம்.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959இல் ஃபரீதாபாத்தில் ஐஷர் தொழிற்சாலையில் தொடங்கிற்று. மறு ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே, மாஸி ஃபெர்குஸன் டிராக்டர்களைச் செய்தளித்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் மாதிரியைத் தழுவி எச்.எம்.டி. நிறுவனம் 1971இல் பிஞ்சோரில் உற்பத்தியைத் தொடங்கியது. அத்தொழிற்பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. எனவே, உற்பத்தி நின்ற யந்திரமாயின், அதனைப் பார்க்கப் புறப்படுமுன் உதிரி பாகக் கடைக்குச் சென்று, பிஸ்டன் வளையம், கிளட்ச் தகடு, பின் அச்சின் ஆயில் சீல், நீரேற்றி ஆகியவை கிடைக்குமா என்று கேட்டறிவது முறை. கிடைக்காதெனில் மேற்கொண்டு போகவேண்டிய தேவையே இல்லை.

பரிசோதனைக்கு உகந்த வேளை அதிகாலையே. டிராக்டர் முந்தைய இரவு முழுவதும் அசையாமல் நின்றிருக்க வேண்டும். சென்றவுடன் எஞ்சினின் மேல் கையை வைத்துப் பார்க்கவேண்டும். அது சூடாக இருந்தால், விற்பவர் முன்னரே ஓட்டிவைத்துள்ளார் என்று கொண்டு மறுநாள் வருவதே தக்கது. இதன் காரணத்தை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16 முதல் 18 மடங்கு வரை அமுக்குகிறது. அவ்வமுக்கத்தால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாக உயர்கிறது. அவ்வுஷ்ணத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருப்பின், அமுக்கப்படும் காற்று அவற்றின் பக்கமாகக் கசிந்துவிடுகிறது. உஷ்ணம் போதுமான அளவு ஏறுவதில்லை. சூடான எஞ்சினில் இக்குறை வெளிப்படாது. குளிர்ந்த எஞ்சினோ நெடுநேரம் சுழன்றும் பற்றாமல், வெண்புகையை மட்டும் கக்கும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் புகையின் நிறத்தைக் கவனிக்கவேண்டும். சூடேறிய பிறகும் நீலப்புகை வருமாயின், மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள். கரும்புகை, டீசல் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். இது பெரும்பாலும் எளிதில் திருத்தக்கூடிய குறையே. கிராங்குப் பெட்டியின் மூச்சுக்குழாயிலிருந்து புகை விட்டுவிட்டு வேகமாக வெளிவருவது நீலப்புகையினும் கெட்ட அறிகுறியாகும்.

தேய்மானத்தின் மூலம் பல சமயங்களில் காற்று வடிகட்டியிலேயே இருக்கும். பழைய டிராக்டர்களில் உள்ளது எண்ணெய்த் தொட்டி வடிகட்டி. காற்று அவ்வெண்ணெயின் மேல் பட்டுத் திரும்பும்போது புழுதி அதில் தங்கிவிடும். எண்ணெய் வற்றியிருந்தாலும், வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தாலும், புழுதி நேரே சிலிண்டரை அடைகிறது. அக்குழாயைக் கழற்றி, எஞ்சின் பக்கமுள்ள வாயின் உட்புறத்தை விரலால் தடவினால் போதும். செந்நிறத் தூள் விரலில் ஒட்டினால் எஞ்சின் நெடுநாளாக மண்ணை உட்கொண்டிருக்கிறது. மண்ணிலுள்ள படிகக்கல் துகள் மோஸ் கடினத்தன்மை அளவில் 7ஆம் நிலையைச் சேர்ந்தது. சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது.

சேற்றுழவில் பயன்பட்ட டிராக்டரில் பின் அச்சே முதன்மையானது. கேஜ் வீல் பூட்டி உழும்போது அச்சின் தாங்கிகள் மிகுந்த பாரத்தை ஏற்கின்றன. ஆயில் சீல்கள் சேற்று நீரில் மூழ்குகின்றன. சீல் தேய்ந்ததும் நீர் உட்புகும். ஃபெர்குஸன் வகை டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் தூக்கி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே அச்சின் வழியே நுழைந்த நீர் ஹைட்ராலிக் பம்பையும் கெடுத்துவிடுகிறது. இரவெல்லாம் நின்ற டிராக்டரின் அடி வடிகால் திருகை, உரிமையாளரின் சம்மதத்துடன், சிறிதே தளர்த்தினால், எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கியிருந்து முதலில் சொட்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால், நீர் அதனுடன் கலந்தே நெடுநாள் ஓடியுள்ளது எனலாம். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்த தடமும், இடது வலது பிரேக்குகள் சமமாகப் பிடிக்காமையும் அதே சீல் கேட்டின் வெளி அடையாளங்களாகும்.

முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தால் கிங் பின்னின் தேய்மானம் கைக்குத் தெரியும். ஹைட்ராலிக் தூக்கியைச் சோதிக்கக் கனமான கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, அதன் உயரத்தை ஒரு கம்பில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளவேண்டும். கால் மணி நேரத்தில் கலப்பை சற்றே தாழ்வது முதுமையின் இயல்பு. சில வினாடிகளில் தரையைத் தொடுமாயின் தூக்கியைப் பிரித்தாகவேண்டும். எக்காரணம் கொண்டும் அதனடியில் கையையோ காலையோ நீட்டலாகாது. பின்புறச் சுழல்தண்டின் காப்புமூடி பல பழைய யந்திரங்களில் காணாமற்போயிருக்கும். அது சுழலும்போது வேட்டி முனையோ துண்டோ அருகில் வருவது உயிராபத்தாகும். ஓட்டிப் பார்க்கையில் மேட்டிலும் இறக்கத்திலும் பாரத்துடன் செலுத்தவேண்டும். தேய்ந்த கியர் அங்கேதான் தானாக விலகும்.

மணிக்கணக்கு காட்டும் கருவியை நம்புவதற்கில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்க, கருவி மட்டும் சிறிய எண்ணைக் காட்டுமாயின் மிதியே உண்மை சொல்லும்.

இறுதியாக ஆவணங்கள். 1973 நவம்பருக்கு முன் பதிவான டிராக்டரின் புத்தகம் மைசூர் மாநிலத்தின் பெயரைத் தாங்கியிருக்கலாம்; அதனால் குற்றமில்லை. ஆனால் 15 ஆண்டுக் காலம் கடந்தபின் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, வங்கியின் பிணைக் குறிப்பு நீக்கப்பட்டதா என்பவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிய வேண்டும். எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் துணியால் துடைத்துப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவ்வெண்கள் உளியால் சிதைக்கப்பட்டிருந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலை பேசாமல் திரும்புவதே உசிதம்.