மூளையும் அதன் போலியும்

மனிதனது தலையோட்டினுள் அடங்கியிருக்கும் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுடையது. தொட்டால் குழையும் மென்மை வாய்ந்த இச்சிறு பொருளினுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பல, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொண்டு, செய்தி வாங்குவதும் வழங்குவதுமாக இராப்பகல் ஓயாது உழைக்கின்றன. இத்துணை உழைப்புக்கும் மூளை செலவிடும் ஆற்றல் 20 வாட் அளவே. ஒரு சிறு மின்விளக்கு எரிவதற்கு வேண்டுவதும் அவ்வளவுதான். இத்தகைய வியத்தகு உறுப்பினைக் கணிப்பொறிக்குள் அமைத்து இயக்கிக் காட்டலாகாதா என்னும் வேட்கை அறிவியலாருள்ளத்தில் எழுந்தமை இயல்பே.

அவ்வாறு இயக்கிக் காட்டுதலைப் போலியியக்கம் எனலாம். போலி என்னும் சொல் ஈண்டுப் பழிப்புரையன்று. ‘அறம்’ என்பது ‘அறன்’ என வழங்கும்போது, மகரத்திற்கு ஈடாக னகரம் வந்து, பொருளைச் சிறிதும் மாற்றாமல் நிற்கின்றது. இதனை இலக்கண நூலார் கடைப்போலி என்பர். கணிப்பொறியிலும் அவ்வாறே உயிருள்ள அணுவுக்கு ஈடாக எண்கள் நிற்கின்றன. எழுத்துப் போலியில் பொருள் மாறாமை உறுதி. மூளைப் போலியிலும் அது மாறாது நிற்கின்றதா? அறிஞர்களை இன்றளவும் இரு பிரிவினராக்கி வைத்திருக்கும் வினா இதுவேயாம்.

இம்முயற்சிக்கு வித்திட்டோர் இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்சு நகரத்து அறிஞர்களாகிய ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர். ஊசிக்கணவாயின் உடலில் உள்ள ஒரு நரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுடையது; உள்ளே மெல்லிய கம்பியை நுழைத்து ஆராய இடந்தருவது. அந்நரம்பில் ஒரு துடிப்பு ஓடும்போது சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் நரம்பின் மென்தோலைக் கடந்து செல்லும் அளவை அவர்கள் நுட்பமாக அளந்தறிந்து, 1952 ஆம் ஆண்டில் சமன்பாடுகளாக வெளியிட்டனர். அச்சமன்பாடுகளைத் தீர்த்துப் பார்க்க முற்பட்ட காலத்தில் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி கிட்டவில்லை. அது திருத்தியமைக்கப்பட்டுக் கொண்டிருந்தது. ஆகவே, கையால் சுழற்றும் கணக்குக் கருவி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, ஹக்ஸ்லி நாட்கணக்கில் அதன் கைப்பிடியைச் சுழற்றினார். கணக்கிடப்பட்டது ஒரே நரம்பிழை. அதில் ஒரே துடிப்பு. அது நிகழும் நேரமோ நொடியினும் மிகச் சிறிய ஒரு கூறு. ஆயினும் கணக்கிற் கண்ட துடிப்பும் கணவாயிற் கண்ட துடிப்பும் பெரிதும் ஒத்து நின்றன! இவ்வாய்வுக்காக அவ்விருவரும் 1963 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். பிற்காலத்துப் பெருங்கணிப்பொறிகள் செய்துகாட்டிய பலவற்றினும் இக்கைச்சுழற்சியின் வெற்றி உறுதியானது. ஏனெனில், அச்சமன்பாடுகளின் அடிப்படையாய் நின்றவை உயிருள்ள நரம்பில் அளந்தறிந்த அளவுகள்.

பின்னர்க் கணிப்பொறிகள் வளர்ந்தன, வேட்கையும் வளர்ந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் ஹென்றி மார்க்ரம் என்பார் 2005 ஆம் ஆண்டில் ‘நீல மூளைத் திட்டம்’ என்பதனைத் தொடங்கினார். பத்தாண்டுகளில் மனித மூளையையே அமைத்துவிடலாகும் என அவர் 2009 இல் மேடையேறிக் கூறினார். 2015 இல் அத்திட்டத்தார் வெளியிட்டது எலி மூளையின் ஒரு துணுக்கின் போலியியக்கம். அதில் ஏறத்தாழ 31,000 நரம்பணுக்கள் இருந்தன. அத்துணுக்கின் அளவு கடுகினும் சிறிது.

இதனிடையே, 2013 இல் சப்பான் நாட்டுக் கோபே நகரில் இருந்த ‘கே’ என்னும் பெருங்கணிப்பொறி 173 கோடி நரம்பணுக்களை எண்களாகக் கொண்டு இயங்கியது. இது மனித மூளையின் நரம்பணுத் தொகையில் நூற்றில் இரண்டு பங்கு. மூளையில் ஒரு நொடியில் நிகழ்வதனைக் கணக்கிட அப்பொறிக்கு 40 நிமிடம் தேவைப்பட்டது. அது முழுதாக இயங்க வேண்டிய மின்னாற்றலோ ஏறத்தாழ ஒரு கோடி வாட். விரைவுக் குறையும் ஆற்றற் செலவும் காலப்போக்கில் தீரக்கூடியவை. தீராத குறை வேறொன்று உண்டு. அதில் எந்த அணு எந்த அணுவோடு இணைவது என்பது உண்மை மூளையைப் பார்த்து அமைக்கப்பட்டதன்று; குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டது. பொறியின் வலிமையைச் சோதிப்பதே அம்முயற்சியின் நோக்கமாதலின், அதனைக் குற்றமெனக் கூறலாகாது. ஆயினும், அதனை மூளை என்பதும் பொருந்தாது.

அங்ஙனமாயின், இணைப்புகளை எல்லாம் உள்ளவாறே அறிந்துவிட்டால் போதுமா? இதற்கு விடை கூற ஒரு புழு காத்திருக்கின்றது. மண்ணில் வாழும் அப்புழு 1 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் நரம்பணுக்கள் 302 மட்டுமே. சிட்னி பிரென்னர் முதலியோர் அதன் உடலை மிக மெல்லிய சீவல்களாக அரிந்து, மின்னணு நுண்ணோக்கியால் படமெடுத்து, இழை இழையாகத் தொடர்ந்து சென்று, முழு இணைப்புப் படத்தையும் 1986 இல் வெளியிட்டனர். அதன்பின் பல பத்தாண்டுகள் கடந்தும், அப்படத்தினை மட்டும் கொண்டு அப்புழு அடுத்து என்ன செய்யும் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை.

காரணம் யாது? பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. எழுத்தெல்லாம் கண்முன் இருந்தும், மொழியறிந்தவனே அதனைப் படிக்க வல்லான். இணைப்புப் படமும் அத்தகையதே. இவ்வணு அவ்வணுவைத் தொடுகின்றது என்று அது காட்டும். தொட்டுத் தூண்டுகின்றதா, அடக்குகின்றதா, எத்துணை வலிமையோடு என்பதனை முற்றக் காட்டாது. இணைப்பின் வழியன்றி, அணுக்களினிடையே பரவி அவற்றின் போக்கையே மாற்றும் வேதிப் பொருள்களும் உள. அவை படத்தில் இடம்பெறுவதில்லை. மேலும், ஏட்டில் எழுதியது எழுதியவாறே இருக்கும். நரம்பிணைப்போ பட்டறிவினால் வலுப்பதும் மெலிவதுமாக உள்ளது. 2024 இல் பழ ஈ ஒன்றின் மூளையில் உள்ள 1,39,255 நரம்பணுக்களின் இணைப்புப் படமும் வெளியாயிற்று. அரும்பெருஞ் செயலே! ஆயினும் புள்ளியில்லா ஏடு இன்னும் ஒன்று மிகுந்தது என்று சொல்வதே பொருத்தம்.

இவ்வுண்மையைப் பொருட்படுத்தாது பெருந்திட்டம் வகுத்ததன் விளைவை ஐரோப்பா கண்டது. நூறு கோடி யூரோ மதிப்பிட்டு, 2013 இல் ‘மனித மூளைத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலறிஞர், அதன் நோக்கம் குறுகியது, நடைமுறை செம்மையற்றது எனக் கூறித் திறந்த மடல் ஒன்றில் கையொப்பமிட்டனர். மக்கள் வரிப்பணம் ஒரு கனவின்பின் செல்வதும், அதனால் பிற ஆய்வுகள் நலிவதும் அவர்களது கவலை. அது நேரிய கவலையே. அதன்பின் திட்டத்தின் ஆட்சிமுறை மாற்றப்பட்டது. மூளையின் நுண்படங்களும் ஆய்வுக் கருவிகளும் ஆக்குதல் அதன் முதன்மைப் பணியாயிற்று. 2023 இல் அது நிறைவுற்றபோது முழு மனித மூளையின் போலி எங்கும் இல்லை. லோசான் திட்டமும் 2024 இறுதியில் முடிவுற்றது.

ஆயினும் அப்பணம் வீணாயிற்று என்று ஒரேயடியாக முடிவு கட்டிவிடலாகாது. மருந்துக்கு அடங்காத காக்காய் வலிப்பினால் வருந்துவோர் உளர். வலிப்புத் தோன்றும் இடத்தை அறிந்து அறுத்து நீக்கினால் அவருட் சிலர் நலம் பெறுவர். அவ்விடத்தை அறிதலே அரிது. பிரான்சு நாட்டு மார்சேய் நகர அறிஞர்கள், நோயாளி ஒருவரது மூளைப் படங்களைக் கொண்டு அவருக்கே உரிய போலி ஒன்றை அமைத்து, வலிப்பு எங்குத் தொடங்கி எவ்வழிப் பரவும் எனக் கணக்கிடுகின்றனர். ஐரோப்பியத் திட்டத்தின் உதவியோடு வளர்ந்த இம்முறை, அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்போலியில் நரம்பணு ஒன்றேனும் தனித்துக் கணக்கிடப்படுவதில்லை. மூளை சில நூறு பகுதிகளாகவே பிரிக்கப்படுகின்றது. எப்பகுதியை நீக்கலாம், எதனைத் தொடாது விடவேண்டும் என்று அறுவை மருத்துவர் ஆராய்வதற்கு அதுவே துணை நிற்கின்றது.