மல்லியா... ரோஜாவா?

"பூ வாசனை சென்ட்டா? அதெல்லாம் லேடீஸ் சமாச்சாரம் சார்!" என்று மீசையை முறுக்குகிற பிரம்மச்சாரிகளே... ஒரு நிமிஷம்!

1605 முதல் 1627 வரை ஆண்ட மொகலாய பாதுஷா ஜஹாங்கீர், தன் நினைவுக் குறிப்பில் ரோஜா அத்தரை மனசாரப் புகழ்ந்திருக்கிறார். அதைத் தயாரித்தது யார் தெரியுமா? நூர்ஜஹானின் அம்மா. அதாவது பாதுஷாவின் மாமியார்! மாமியாரின் கைப்பக்குவத்தைப் பாராட்டி எழுத எத்தனை மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

ஆக, ஆண்பிள்ளை பூ வாசனை போடலாமா என்ற கேஸ் எப்போதோ டிஸ்மிஸ். பாக்கி இருப்பது ஒரே கேள்வி: மல்லியா, ரோஜாவா? எனக்குத் தெரிந்த திருவல்லிக்கேணி அத்தர் கடை பாயிடம் இதைக் கேட்டால், எதிர்க்கேள்விதான் வரும். "தம்பி, எங்கே போறீங்க?"

அதுதான் சார் பாயிண்ட்!

ஆபீஸ் என்றால் ரோஜா. செம்புப் பானையில் இதழ்களைத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது உ.பி. கன்னோஜ் ஊரின் பழைய முறை. மணிக்கட்டில் ஒரு துளி போதும். கை குலுக்குகிறவருக்குத் தெரியும். நாலு டேபிள் தள்ளி இருப்பவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது! ஏ.ஸி. ரூமில் ஜன்னலைத் திறக்க முடியாது. பக்கத்து சீட்காரருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால், நம் வாசனை அவருக்குத் தண்டனை. அவர் உங்களுக்கு ஜூனியர் என்றால் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். பாவம், லீவுதான் போடுவார்.

மல்லி சாயங்கால சமாச்சாரம். செடியிலேயே அது அந்திக்கு மேல்தானே வாய் திறக்கிறது! அதன் மணத்தில் 'இண்டோல்' என்று ஒரு வஸ்து உண்டு. தனியாக, கெட்டியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி. துளியூண்டு கலந்திருந்தால் கிறக்கம். மொட்டை மாடி, பீச், கல்யாண ரிசப்ஷன் என்று காற்றாட இருக்கும் இடங்களுக்கு அருமை. மே மாச மத்தியானம், பஸ் நெரிசலில், வியர்வையோடு கூட்டணி சேர்ந்தால்... வேண்டாமே!

வாங்கும்போது இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று தடவுங்கள். தேய்க்காதீர்கள். அரை மணி நேரம் தெருவைச் சுற்றிவிட்டு வந்து முகருங்கள். மூடி திறந்ததும் வருகிற வாசனை சீக்கிரம் பறந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் உங்களோடு குடித்தனம் நடத்தப் போவது. மல்லியோ ரோஜாவோ, பாட்டில் அழகைப் பார்க்காமல் மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். (பி.காம். புத்தி!) அத்தர் என்பது எண்ணெய், வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை.

இன்டர்வியூவுக்கு? இரண்டும் வேண்டாம். நல்ல குளியல் போதும்.

பெண் பார்க்கப் போகும்போது? சந்தேகமே இல்லை, ரோஜாதான். மல்லி ஏற்கெனவே அங்கே பெண்ணின் தலையில் இருக்கும். போட்டிக்குப் போகாதீர்கள்!